காரைக்காலில் கரண்டு போட வந்தவன்

தரங்கம்பாடிக்காரர்கள் பெட்ரோல் மலிவென்று காரைக்காலுக்கு வருகிறார்கள். நானோ தரங்கம்பாடியிலிருந்து மின்சார ஸ்கூட்டரில் கிளம்பி, சார்ஜ் தீர்ந்து, காரைக்காலுக்கு முன்னாலேயே கோட்டுச்சேரி டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கடைக்கார அக்கா கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி இடம் தருகிறார். “அரை மணிதான் சார். நாலு மணி வடைக்கு மாவு ஆட்டணும்.”

ஒயரைச் சொருகிவிட்டு, தரங்கம்பாடியிலிருந்து பைக்கில் பெட்ரோல் போட வந்து பெஞ்சில் இருந்தவரிடம் எண்ணெய் அரசியலையும் பெட்ரோலின் அந்திமக் காலத்தையும் விளக்குகிறேன். அவர் மரியாதையாக உம் கொட்டுகிறார்.

அரை மணி முடிகிறது. அக்கா கிரைண்டருக்குத் திரும்புகிறார்.

“சார், சுவிட்சே போடலியே! என் மாவும் ஆட்டாம கெடக்கு.”

கிரைண்டர் சுற்றத் தொடங்குகிறது. பைக்கில் வந்தவர் எழுந்து சாவியை எடுக்கிறார்.

“ஒங்க வண்டியில ஏறி ஒக்காருங்க சார். தரங்கம்பாடி வரைக்கும் எதிர்காலத்த எம் பெட்ரோல் வண்டியிலேருந்து கால் வச்சுத் தள்ளிட்டு வர்றேன்.”