மயில்துத்தமும் என் கண்ணும்

யுத்த காலத்தில் எகிப்தில் பட்டாளத்து எழுத்தராக இருந்தபோது என் கண் இரண்டும் சிவந்து பீளை கட்டிக்கொண்டது. அதற்கு முன் காமயகவுண்டன்பட்டியில் வாத்தியார். கண் போனால் இரண்டு வேலையும் போச்சு. மிச்சம் எனக்குத் தெரிந்தது பிரம்படி ஒன்றுதான். அதற்கும் பையன் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டுமே!

பட்டாள ஆஸ்பத்திரியில் கைகால் போனவர்களுக்கே படுக்கை இல்லை. "இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கண் டாக்டர் வாராக, வாங்க வாத்தியாரே" என்று எங்கள் சமையல்காரர் இழுத்துப் போனார். தேவதானப்பட்டிக்காரர். காய்கறி வாங்கி வாங்கி நாலு வார்த்தை அரபி பழகியிருந்தார்.

அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு இதே கண்நோவு. அதனால் ஒரு பக்கம் பாடம், ஒரு பக்கம் வைத்தியம். நாற்பதை நெருங்கிய நான் எட்டு வயசுப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். வெயில், ஈ, நாலு நாள் தூக்கமில்லாத அலுப்பு. டாக்டர் ஒவ்வொரு இமையாகப் புரட்டி, நம்மூரில் மாட்டுப் புண்ணுக்குப் போடுகிற மயில்துத்தத்தைத் தேய்த்து, "கலாஸ்" என்றார்.

தேனிச் சந்தையில் காளை செத்தால் தரகர்கள் சொல்லும் வார்த்தை அது. அப்படியானால் கண் செத்தது என்றுதானே அர்த்தம்! பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடின. பாவம், கண் போனது இன்னும் உறைக்கவில்லை போல என்று அவர்களுக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

என் முறை. தீக்கங்கு வைத்தது போல எரிந்தது. "கலாஸ்!"

"ஐயோ, என் கண்ணு!"

"முடிஞ்சது, எந்திரிங்கன்னு சொல்றாக. பிள்ளைக பாக்குதுக வாத்தியாரே, மானத்த வாங்காதீக."

கண்ணைத் திறந்தேன். எதிரே கரும்பலகை. ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"போச்சு! எழுத்துத் தெரியல!"

"அது அரபி. எனக்குந்தான் தெரியல."

நான் நம்பவில்லை. அவர் சலித்துப்போய்ச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பலகை ஓரத்தில் ஒன்று கிறுக்கினார். பள்ளிக்கூடம் போன ஒரே வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது அந்த ஓர் எழுத்துதான்.

"இது என்ன?"

"ட."

"கண்ணு இருக்கில்ல? நடங்க, உலை வைக்கணும்."

எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். இன்னும் மூன்று வாரம் இதே வரிசையில் வந்து நிற்க வேண்டுமாம்.