யவன ஜாடியும் பாதிக் கிணறும்

உடைந்த பானையின் ஓட்டுச் சில்லைக் கண்ணாடிமேல் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, உருப்பெருக்கியில் வைத்து, 'நீ எந்த ஊர் மண்ணப்பா?' என்று விசாரிப்பதுதான் எங்கள் தொழில். 'இதுக்கா படிச்சே?' என்று வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

வெட்டு நின்றது

அப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளன். மேலூர்ப் பக்கத்துப் பருத்திச் சம்சாரி பெரியகருப்பன் கிணறு வெட்டும்போது ஒரு ஜாடியின் கைப்பிடியும் ஒரு சின்ன ஓடும் அகப்பட்டன. கிரேக்க தேசத்து மது ஜாடியாக இருக்குமோ என்று எங்கள் பேராசிரியருக்குச் சந்தேகம். உடனே தாசில்தார், "உள்ளூர்ப் பானையென்றால் வெட்டிக்கொள், வெளிநாட்டுச் சரக்கென்றால் குழியைத் தொடாதே" என்று உத்தரவு போட்டுவிட்டார். அங்கே பருத்தி வாடுகிறது, இங்கே மனுஷன் எங்கள் கூடத்துக்கு நடையாய் நடக்கிறார். "நம்ம மண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லிப்புடுங்க சாமி, வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கும்."

காணாமல் போன ஓடு

அந்தச் சின்ன ஓட்டை நான்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டார். கிரேக்கத் தீவுகள், கப்பல்கள், பருவக்காற்று என்று பேசிக்கொண்டே தேய்த்தார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தூக்கிப் பார்த்தால் வெறும் கண்ணாடி! ஓடு முழுக்கச் சேறாகிக் கிண்ணத்தில் கிடந்தது. பாவம், அழுதேவிட்டார். "அத்தனை கடலைத் தாண்டி வந்தது, என் விரலைத் தாண்டலையேடா!"

அணையாத மணிகள்

மிச்சம் இருந்தது கைப்பிடி ஒன்றுதான். அதில் ஒரு சில்லு அறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். உருப்பெருக்கியில் கண் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பச்சையும் ஊதாவுமாகத் தாது மணிகள் ஜொலிக்கின்றன; நடுவில் எரிமலை கக்கிய கண்ணாடித் துகள் மட்டும், எப்படித் திருப்பினாலும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வைகை மணலையும் வைத்துப் பார்த்தோம். அதில் இப்படி எதுவுமே இல்லை; புத்தகத்தில் இருந்த கிரேக்கத் தீவு ஜாடியின் படத்திலோ அப்படியே இருந்தது. சந்தேகமில்லை, கிரேக்கத் தீவு மண்தான். கைகூப்பிவிட்டேன்.

திரும்பினால் வாசலில் பெரியகருப்பன். எங்கள் சந்தோஷம் அவருடைய கிணற்றை மூடப்போகிறதே என்று கூப்பிய கையை இறக்கிக்கொண்டேன். பேராசிரியர் அந்த எரிமலைக் கதையைச் சொல்லி, அவரையே உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார் மனுஷன். "ஆத்தாடி! கடலுக்கு அந்தாண்ட மலை கக்குன நெருப்பா இது? இம்புட்டு தூரம் வந்தவனைப் போய் உள்ளூர்க்காரன்னு சொல்லச் சொன்னேனே! உள்ளதையே எழுதுங்க சாமி, நான் தள்ளி வேற கிணறு வெட்டிக்கிறேன். அதுலயும் எவனாச்சும் வந்து உக்காந்திருந்தான்னா, மம்பட்டியை உங்க கையிலதான் குடுப்பேன்!"

கடல் கடந்த மண்ணுக்கெல்லாம் ஊர் சொல்லிவிடும் எங்களால், அந்த மனுஷனுக்குத் தண்ணீர் எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.