பனியும் பணியும் ஒரு கிட்னியும்

என்னைப் போல ஒரு மண்டு மட்டாஞ்சேரியில் இன்னொன்று இருக்காது. கொச்சங்காடி சுக்குக் கிடங்கில் இத்தனை வருடம் மூட்டை தூக்கியும், மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல், ‘பணி’ என்றால் வேலை என்கிற வித்தியாசம் என் காதில் ஏறவே இல்லை.

சில வருடங்களுக்கு முந்திய மழைக்காலம். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் பழுது. டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு அளவு. சாயா அரைக் கிளாஸ். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், சாயா இல்லாமல் பொழுது விடியாது. ஜன்னலருகே ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு, “இத்தனை தண்ணி சும்மா ஓடையில போகுது பாருங்க” என்பாள். ஒரு முழுக் கிளாஸ் சாயா. அவள் ஏக்கம் அவ்வளவுதான். அதைக் கொடுக்க முடியவில்லையே என்பது என் ஏக்கம்.

என் கிட்னி பொருந்தியது. தெருவெல்லாம் தியாகி போல நெஞ்சை நிமிர்த்தி நடந்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். சிஸ்டர் வந்து, “சேட்டா, பனி உண்டாயிருந்நோ?” என்றார். எனக்கு ‘பணி’ என்று கேட்டது. “எங்க சிஸ்டர், ஒரு வாரமா பணியே இல்ல!” என்று அலுத்துக்கொண்டேன். “நந்நாயி” என்றார். வேலை இல்லாததில் என்ன நல்லது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அடுத்த கட்டிலிலிருந்து என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். “சிஸ்டரே, சேட்டனு நல்ல பனி உண்டாயிருந்நு!”

உண்மைதான். கிடங்கில் புகுந்த வெள்ளத்தில் நின்று மூட்டைகளை மேலேற்றிய பிறகு எனக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டேன், விட்டது, மறந்தேன். ரத்தத்தைச் சோதித்தார்கள். எலிக்காய்ச்சல். என் உடம்பில் இருக்கும் கிருமி கிட்னியோடு சேர்ந்து அவளுக்கும் போகலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தில் இருக்கப்போகிற அவளை அது பிழைக்க விடாது என்றார் டாக்டர். ஆபரேஷன் தள்ளிப்போனது.

திரும்பும் வழியில் எங்கள் தெருமுனைச் சாயாக்கடையருகே ஆட்டோ மெதுவாகப் போனது. அவள் கண்ணை மூடி, அந்த வாசனையை ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டாள்.

எனக்கு முழுதாகக் குணமாகி, மறுபடி சோதித்து, மழையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஆபரேஷன் நடந்தது.

இன்றைக்கும் எங்கேயாவது சாயா ஆற்றும் சத்தம் கேட்டால், ஆட்டோவில் கண் மூடியிருந்த அந்த முகம்தான் முன்னால் வருகிறது. டாக்டர் அனுமதித்த பிறகு, அதே கடையில் அவள் முதல் முழுக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தபோது கேட்டேன்: “அன்னைக்கு சிஸ்டர்கிட்ட நீ பேசாம இருந்திருந்தா, இதை எப்பவோ குடிச்சிருக்கலாமே?”

கிளாஸிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:

“நான் கேட்டது கிட்னி மட்டும்தான். பனி இல்ல.”