நனைந்து வந்த கட்டு

காலில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டுகிற தொழிலில் முதலில் மூக்கு மரத்துப்போகும், பிறகு நாக்கு நீளும். இதே வேலையில் கிடந்து மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும். கற்பிட்டிக் கிளினிக்கில் என் நாக்கு கொஞ்சம் கூடுதலாகவே நீண்டது.

கோப்பித் தூள்

ஹமீதா ராத்தா பக்கத்து ஊரான எத்தாளைக்காரி. கருவாட்டு வாடியில் நாள் முழுக்க நின்று மீன் வெட்டி, கால் நரம்பு புடைத்து, கணுக்காலுக்கு மேலே புண் வந்து நாலு வருஷம். முதல்நாள் துணியைப் பிரித்தால், ஐயோ, புண் நிறையக் கைமருந்தாகக் கோப்பித் தூள்! கழுவி எடுக்க அரை மணித்தியாலம் சென்றது. கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சொன்னார்: "நெத்திய நெலத்துல வெச்சுத் தொழணும் மிஸ்ஸி. கதிரையில இருந்தே தொழுது மனசு ஆறுதில்ல."

ஈரம்

இறுக்கிக் கட்டினால்தான் இந்தப் புண் ஆறும். ஒரு கிழமைக்குப் பிரிக்கவும் கூடாது, நனைக்கவும் கூடாது. ராத்தாவோ ஒவ்வொரு கிழமையும் சொதசொதவென்று நனைந்த கட்டோடு வருவார். புண்ணும் பெருத்துக்கொண்டே போனது. மீன் கழுவுகிறார் என்று நானே முடிவு கட்டி ஏசினேன். ஆறாம் கிழமை, "காலை எடுக்கத்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறன்!" என்று கத்தியும் விட்டேன்.

ராத்தா முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதார். கூட வந்த கணவர் நிஸ்தார் நானாதான் வாய் திறந்தார்: "அஞ்சு நேரமும் தொழ முந்திக் கால் கழுவுறா மிஸ்ஸி. கழுவாட்டித் தொழுக சேராதெண்டு பயம். ஒங்கட ஏச்சுக்கும் பயம்."

பள்ளிவாசலில் கேட்டது

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வந்தது. நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாமே! "பள்ளியில கேட்டுப் பாருங்க நானா, கட்டுப் போட்ட காலுக்கு ஏதும் வழி இருக்கோ எண்டு" என்று அனுப்பினேன். அடுத்தநாள் கிளினிக் திறக்க முந்தியே, சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். "கட்டுக்கு மேலால ஈரக்கையால தடவினாப் போதுமாம் மிஸ்ஸி! இத நாலு வருஷமா ஒருத்தரும் கேக்கல்லையே!"

சுஜூது

நாலு மாதம் பிடித்தது. புண் ஓரத்திலிருந்து மூடி மூடி, பயறளவாகி, ஒருநாள் அதுவும் இல்லை. அந்தக் காலைக் கீழே விட மனமில்லாமல் சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அடுத்த கிழமை இறுக்கமான காலுறை வாங்க வந்த ராத்தா, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சுஜூதுல நெத்தி நெலத்துல பட்டதும் மொதல்ல ஒங்களுக்குத்தான் துஆ கேட்டேன் மிஸ்ஸி. நீங்க ஏசினதயும் அல்லாட்டச் சொல்லிட்டேன்."

ஆகவே, நனைந்த கட்டைக் கண்டால் முதலில் ஏன் என்று கேளுங்கள். ஏச அடுத்த கிழமையும் இருக்கிறது, ஏசினால் விஷயம் மேலிடம் வரைக்கும் போய்விடுகிறது.