மிலோயே நீக்கிய ஒரு வரி

செர்பியாவில் ஒரு சின்ன ஊர். வீடுகளுக்கெல்லாம் குழாயில் சூடு அனுப்பும் கொதிகலன் நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் மிலோயே. பயந்த மனிதர். தூங்கப்போகும் முன் கனவுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்பார்.

முந்தின நாள்தான் நிலையத்துக் கம்ப்யூட்டரின் லினக்ஸைப் புதுப்பித்திருந்தார். எல்லாம் ஓடியது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வெளியிலிருந்து உள்ளே நுழைவதற்கான அமைப்பில் ஒரு வரி வழக்கொழிந்தது. வேறொருவன் திங்கட்கிழமை பார்த்திருப்பான். இவருக்கு அது தொண்டையில் மீன்முள்.

இன்று குலப் புனிதர் நிக்கோலாவின் நாள். அழைக்காமலே சனம் வரும், வழக்கப்படி விருந்து முடியும்வரை வீட்டுக்காரர் உட்காரக்கூடாது. சமையலறையில் நின்றபடியே மடிக்கணினி வழியாக நிலையத்துக்குள் நுழைந்து அந்த வரியை நீக்கினார். திரையில் புதிதாக இன்னொரு ஜன்னல் திறந்து மறுபடி நுழைந்து பார்த்தார். அனுமதியில்லை! அவருடைய அரதப்பழசான டிஜிட்டல் சாவியை ஏற்கச் சொன்னதே அந்த வரிதான். நீக்காமல், அந்த வரியின் பெயரை மட்டும் புதிதாக மாற்றியிருக்க வேண்டும். நல்லவேளை, ஏற்கெனவே நுழைந்திருந்த ஜன்னல் திறந்தே இருந்தது. புதியது வேலை செய்யும்வரை பழையதை மூடாதே என்பது தொழிலில் சட்டம். அதில் சரிசெய்துவிடலாம்.

வாசல்மணி அடித்தது. ஓடித் திறந்துவிட்டுத் திரும்பினால், மூடிய மடிக்கணினிமேல் முட்டைக்கோஸ் இலையில் சோறு சுற்றி வேகவைத்த 'சர்மா' பானை.

"யாருய்யா மூடுனது?"

"நான்தான் மச்சான்," என்றான் மனைவியின் தம்பி புதிமிர். "பானை வைக்க எடமில்ல."

"அடப்பாவி, ஊரே அதுக்குள்ளதான்டா இருக்கு!"

"ஊரா? அது உன் வீட்ல தின்னுக்கிட்டுல்ல இருக்கு!"

திறந்தார். தொடர்பு அறுந்திருந்தது, இனி வெளியிலிருந்து நுழைய வழியில்லை. சாயங்காலம் இரண்டாவது கொதிகலன் தானாகப் பற்ற வேண்டும். புதுப்பித்தபின் முதல் தடவை. பற்றாவிட்டால் ஊர் விறைக்கும். நிலையத்தில் இருக்கும் அடுப்புக்காரரோ விசைப்பலகையைக் கண்டாலே கும்பிட்டு விலகுபவர். மிலோயே கோட்டை மாட்டி, மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கினார்.

"புனிதருக்கு ஏத்துன மெழுகுவத்தி எரியறப்ப வீட்டுக்காரரு வெளிய போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றாள் மனைவி ரூஷிட்சா.

"ஊரு வெறைச்சா நாப்பது பேரு சொல்லுவாங்கடி!"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், இவருக்குப் பதிலா நீ நில்லு. உக்காந்தேன்னா, பானை உன் தலைமேல!"

பனியில் கார் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. மிலோயேவின் நெஞ்சு அதைவிட. நிலையத்தில், நீக்கிய வரியைப் புதுப்பெயரோடு எழுதினார். மடிக்கணினியிலிருந்து தட்டினார். பழைய சாவி நுழைந்தது. அப்படியே திரையை முறைத்தபடி காத்திருந்தார். இரண்டாவது கொதிகலன் உறுமிப் பற்றியது. அப்போதும் நம்பவில்லை, வீட்டுக்குப் போன் போட்டார்.

"குழாய் சுடுதா?"

"நாங்க வெந்துக்கிட்டிருக்கோம்," என்றாள் ரூஷிட்சா. "சீக்கிரம் வாங்க. கால் வலிக்குதுன்னு இவன் அழுவுறான்."

"இன்னொரு தடவ தொட்டுப் பாரு," என்றார் மிலோயே.