மைக்கில் சொன்ன வார்த்தைகள்

ஓசூரை அடுத்து, கன்னடமும் புழங்கும் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சாயங்காலம் பூ வெட்டி முடித்து, மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடிப்பேன். வழியில் ஒரு பேக்கரி. அதன் வாசலில் பைக்கோடு நிற்கும் ஒருவன் என்னைப் பார்த்ததும் கன்னடத்தில் ஏதோ சொல்வான். எப்போதும் அதே வார்த்தைகள். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தச் சிரிப்பு புரிந்தது.

என்னோடு பூ வெட்டும் அக்கா அந்த ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், மாமியாரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று பேசுகிறவள். அவன் என்னதான் சொல்கிறான் என்று கேட்டால், உனக்கெதுக்கு அது, நீ பாட்டுக்கு நட என்பாள்.

ஒருநாள் அவன் பைக்கில் பின்னாலேயே வந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். தடுமாறி ரோட்டோரம் விழுந்தேன். அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் என் காதில் பதிந்திருந்ததை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள்தான் அழுதாள்.

வேறு வழியாகப் போகச் சொன்னார் சூப்பர்வைசர். வேலையை விட்டுவிடச் சொன்னார் கணவர். நான் ஏன் விடவேண்டும் என்று கேட்டேன்.

அந்த வாரம் கிராம சபைக் கூட்டம். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி, போலீசில் புகார் கொடுக்க ஊராட்சி எங்களோடு நிற்க வேண்டும் என்று கேட்டேன். அவனுடைய சித்தப்பா எழுந்தார். ஊரில் செல்வாக்கானவர். வயசுப் பசங்க தமாசுக்குப் பேசுவது எல்லா ஊரிலும் இருப்பதுதான், அதற்கெல்லாம் கேஸ் என்றால் அவன் வாழ்க்கை என்னாவது என்றார். பலர் தலையாட்டினார்கள்.

தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நிதானமாகப் பேசினார். தொட்டால் குற்றம், சரி. வாயால் சொன்னதற்கே ஜெயில் என்றால், பிடிக்காதவன் மேல் யார் வேண்டுமானாலும் பழி போடலாமே என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குள் அக்கா போய் மைக்கை வாங்கினாள்.

"தமாசுன்னு சொல்றீங்க இல்ல? அவன் சொன்னத நான் சொல்றேன். எல்லாரும் சிரிங்க."

கன்னடத்தில் சொன்னாள். தெலுங்கில் சொன்னாள். பிறகு தமிழில். குரலை உயர்த்தவில்லை, ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பொம்பளை பேசுகிற பேச்சா இது என்றார் சித்தப்பா.

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு தடவ கேட்டதுக்கே உங்களுக்குக் காது கூசுது. இந்தப் புள்ள தெனம் கேக்குது."

தபால் ஆபீஸ் பெரியவர் மறுபடி எழுந்தார். "அன்னிக்கு நான் பேக்கரியில டீ குடிச்சிட்டிருந்தேன். துணியப் புடிச்சு இழுத்ததப் பார்த்தேன். சாட்சி சொல்றேன்."

ஊராட்சித் தலைவர் ஒரு பெண். அதுவரை அவருக்காக அவர் கணவர்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவரே மைக்கை இழுத்துத் தீர்மானம் எழுதச் சொன்னார். ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்றார். ஏதோ சொல்ல எழுந்த அவர் கணவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டேஷனில் 'கேலி செய்தார்' என்று எழுதினால் போதும் என்றார்கள். போதாது என்றேன். அக்கா சொல்லச் சொல்ல, பெண் போலீஸ் ஒருவர் முழுவதையும் எழுதினார். கேஸ் பதிவாயிற்று, அவனைப் பிடித்தார்கள். சமாதானம் பேச அவன் வீட்டார் பழத்தட்டோடு வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் என் கணவர்.

கோர்ட்டில் என்னைக் கேட்டபோது அந்த வார்த்தைகளை நானே சொன்னேன். நாக்கு தடுமாறவில்லை. பெரியவர் பேச்சு மாறாமல் சாட்சி சொன்னார். சட்டத்தைப் பற்றி அவருக்கிருந்த சந்தேகம் இன்னமும் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வாதம் செய்வார். அவனுக்கு ஜெயில் தண்டனை என்று தீர்ப்பு வந்தது.

அன்று தோட்டத்துப் பெண்கள் ஒரே வேனில் போயிருந்தோம். திரும்பும்போது ஓசூரில் இறங்கிப் பிரியாணி சாப்பிட்டோம். மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகப் பேசிச் சிரித்தோம். ஊராட்சித் தலைவரும் எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். போன மாதம் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியிலிருந்து ஒரு பெண், கம்பெனி யூனிபார்மோடு எங்கள் தோட்டத்தைத் தேடி வந்தாள். ஸ்டேஷனுக்குத் துணைக்கு வருவீர்களா என்று கேட்டாள். அக்கா ஏற்கெனவே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.