செத்தவனுக்குப் பதிலாக ஒரு கை

மகதலேனாவின் புருஷன் இருதயம் ரயில் யார்டில் இரண்டு சரக்கு வண்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்தது போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்களுக்கான வரிசை வீட்டு லயனில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே கருவாடு பொரித்தால் இங்கே எனக்கு இரண்டு பிடி சோறு கூட இறங்கும். இருதயம் வாயைத் திறந்தால் மட்டும் என் பெண்டாட்டி இராஜம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

அவன் பேச்செல்லாம் எங்கள் தொழிலாளர் சங்கத்துப் பேச்சு. வேலை முடிந்து, குளித்து, கோப்பிக் குவளையோடு உட்கார்ந்தால் நிறுத்தமாட்டான். பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படிப்பவன். லண்டனில் மந்திரி மாறினாலும் அவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததை மகதலேனாவிடம் கொட்டியாக வேண்டும். அவள் அரிசி களைந்துகொண்டே 'ம்' போடுவாள். அந்த 'ம்'மில் துளி கவனம் கிடையாது என்று பலகைக்கு இந்தப் பக்கம் கிடந்த எனக்கே தெரியும். அவளைக் குறை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அது ஆள் குறைக்கிற காலம். ரப்பர் விலை விழுந்ததில் யார்டில் பாதி வண்டி சும்மா நின்றது. வேலை போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரை முதலில் அனுப்பலாம் என்று ஆபீஸ் துரை எங்கள் சங்கத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்பார். ஆகவே போன வருஷம் நடந்த சங்கத் தலைவர் தேர்தல் மாலைக்கும் நாற்காலிக்கும் நடந்த தேர்தல் அல்ல. யார் இங்கே சோறு தின்பது என்பதற்கு நடந்த தேர்தல்.

மகதலேனா இங்கேயே கிள்ளானில் பிறந்தவள், இந்தியாவிலிருந்து ரோடு போட வந்தவரின் மகள். இந்தியாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவளைக் கப்பலேற்றினால் அதற்குப் பெயர் 'ஊருக்கு அனுப்புவது'. எந்த ஊருக்கு என்று கேட்க எவனுக்கும் தோன்றவில்லை. பெற்றவர்கள் போய்விட்டார்கள், பிள்ளை இல்லை, அவளுக்கென்று இருந்தது இருதயத்தின் கல்லறை ஒன்றுதான். புதுத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டிலேயே இருக்கலாம். சொல்லாவிட்டால் கப்பல்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினன் செத்தால் வருஷம் முடியும்வரை அவன் இடம் அவன் வீட்டாருக்கு. மகனோ தம்பியோ வந்து அவனுக்குப் பதிலாகக் கை தூக்குவான். இருதயத்துக்கு இருவருமில்லை, ஆகவே மகதலேனாதான் தூக்க வேண்டும். "பொம்பளைக்கு என்னா தெரியும்லா?" என்று கோப்பிக் கடையில் ஒரே சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர், தீபாவளிக்கு ஆட்டுக்கறி பங்கு போட்டவன் யார் என்று பார்த்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள். நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவன்.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி கொர்னேலியஸ். இங்கிலீஷ் தெரிந்தவர், அளந்து பேசுபவர். இன்னொருவர் தண்டவாளக் கேங்கை மேய்க்கும் மண்டோர் அய்யாவு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து பாடை கட்டுகிறவர்.

தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது மகதலேனா எங்கள் வாசலுக்கு வந்தாள். முகம் கறுத்துக் கிடந்தது.

"அண்ணே, அவரு யாரை வேணாம்னு சொன்னாரு? ஒங்க பக்கம் கேட்டிருக்குமே."

"எப்பம்மா?"

"கடைசியா, சாவுறதுக்கு மொத நாள் சாயங்காலம். 'அவன் மட்டும் தலைவரா வந்தா நம்மள மாதிரி ஆளுங்கள கப்பலேத்திருவான்'னு சொன்னாரு. எவன்னு பேரும் சொன்னாரு. அப்பப் பாத்து உலை பொங்கிருச்சு, நான் அடுப்புக்கு ஓடிட்டேன்."

எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றேன். அவள் போகவில்லை.

"இப்பவும் சொல்றாரு அண்ணே. சாயங்காலமானா அதே எடத்துல உக்காந்து, அதே பேச்சு. பேரு வர்ற எடத்துல மட்டும் சத்தம் நின்னுருது."

இராஜம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான், அவன் கூட்டாளிகளைக் கேட்டுப் பார் என்று அனுப்பினேன். அவளும் கேட்டாள். கொர்னேலியஸ் பக்கத்தார், இருதயம் அய்யாவுவைத்தான் வேண்டாம் என்றான் என்று அடித்துச் சொன்னார்கள். அய்யாவு பக்கத்தார் கொர்னேலியஸைத்தான் என்றார்கள். அவன் உயிரோடு இருந்தபோது அவனைக் கண்டாலே சந்து மாறிப் போனவர்கள்தான் எல்லாரும். செத்த பிறகு அவன் தங்கள் காதோடு சொன்னதாகச் சத்தியம் செய்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் மகதலேனாவுக்குத் துணையாக நானும் இராஜம்மாவும் போனோம். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. அவள் இருதயத்தின் கல்லறையில் தன்னுடையதை ஏற்றி முழந்தாளிட்டிருந்தபோது கொர்னேலியஸ் வந்தார். தடித்த மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்து, முறையாக ஜெபம் சொல்லி முடித்தார்.

"என்னால முடிஞ்சதச் செய்வேன்மா. முடியாததச் சொல்லி ஒங்கள ஏமாத்த மாட்டேன்" என்றார்.

அவர் நகர்வதற்குள் அய்யாவும் வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். சின்ன மெழுகுவத்தி ஒன்றை எப்படி நட்டு வைப்பது என்று தெரியாமல் மண்ணைக் குவித்துச் செருகினார். ஜெபம் தெரியாது. நின்று அழுதார், தோள் குலுங்க.

"தங்கச்சி, நா இருக்கேன். ஒன்னைய எவனும் அனுப்ப முடியாது."

அப்போது காற்று வந்தது. கொர்னேலியஸ் வைத்த தடித்த மெழுகுவத்தி அணைந்தது. அய்யாவுடையது ஆடி, படுத்து, மறுபடி எழுந்து எரிந்தது. மகதலேனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காத்துமா" என்றேன்.

"காத்துதான் அண்ணே. ஆனா செத்தவரு வேற எப்படிச் சொல்லுவாரு?"

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின், பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. அய்யாவு பேரைச் சொன்னதும் கொட்டகை முழுக்கக் கைகள். எல்லாருக்கும் பின்னால் மகதலேனா, இருதயத்தின் யார்டுத் தொப்பியை இடது கையில் பிடித்தபடி, வலது கையைத் தூக்கினாள். அவள் தூக்காவிட்டாலும் அய்யாவு ஜெயித்திருப்பார், அவ்வளவு பெரிய வித்தியாசம். கொர்னேலியஸுக்காகத் தூக்கியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் துரை கூப்பிட்டுக் கேட்டார், அய்யாவு பேர் சொல்லிவிட்டு வந்தார். தன் கேங்கில் பிள்ளைகுட்டிக்காரர்களை ஒருவர் விடாமல் காப்பாற்றினார். பதிலுக்கு யாரையாவது கொடுத்தாக வேண்டுமே. தனி ஆட்களையும் விதவைகளையும் கொடுத்தார். மகதலேனாவிடம் அவரே வந்து சொன்னார்.

"நா என்னா செய்ய தங்கச்சி? புள்ளகுட்டிக்காரங்களப் பாக்கணும்ல."

சொல்லிவிட்டு அழுதார். கல்லறையில் அழுததைப் போலவே இதுவும் நிஜ அழுகைதான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் பலகைக்கு அந்தப் பக்கம் மகதலேனாவின் குரல் மட்டும் கேட்கும். "சொல்லுங்க, யாரு? ஒங்க கைய நான் தப்பான ஆளுக்குத் தூக்கிட்டேனா? ஒரு தடவ சொல்லுங்களேன்." அன்றைக்கு அய்யாவுக்குக் கை தூக்கிய நாங்கள் அத்தனை பேரும் தின்றோம், தூங்கினோம். அவள் ஒருத்திதான் தூங்கவில்லை.

அவள் புறப்படும் நாள் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட நான்தான் போனேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் அந்தத் தொப்பி. அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போனேன். முகம் தெளிந்திருந்தது.

"அண்ணே, நேத்து பேரையும் சொல்லிட்டாரு."

"யாரைச் சொன்னாரு?"

"கொர்னேலியஸ்னாரு. அந்தாளுதான் வேணாம்னாரு. அப்ப நான் தப்புப் பண்ணல. அவரு தூக்கியிருந்தாலும் அய்யாவுக்குத்தான் தூக்கியிருப்பாரு. இல்லையா அண்ணே?"

அப்படியானால் பத்திரிகையில் ஒரு வரி விடாத இருதயத்துக்கும் தெரிந்தது அவ்வளவுதானா? இல்லை, கப்பல் ஏறுவதற்கு ஒரு நிம்மதி வேண்டும் என்று அவளே அந்தப் பேரைப் போட்டுக்கொண்டாளா? அதையெல்லாம் அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"தப்பில்லம்மா" என்றேன். வண்டி நகர்ந்தது. அவள் அந்த வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

அவள் வீட்டில் இப்போது அய்யாவின் கேங்கைச் சேர்ந்த ஒருவன் குடியிருக்கிறான். நாலு பிள்ளைகள். அவன் அதிகம் வாய் திறக்காதவன். இருந்தும் சாயங்காலத்தில், இராஜம்மா அரிசி களையும் நேரத்தில், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. 'அவன் மட்டும் தலைவரா வந்தா...' குரல் இருதயத்தின் குரல்தான். நான் கையை நீட்டி இராஜம்மாவை நிறுத்தச் சொல்கிறேன், பலகையில் காதை வைக்கிறேன். பேர் வரும் இடத்தில் சத்தம் நின்றுவிடுகிறது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் தேர்தல்.